தூண்டில் போடுகிறவர்களும் கடல் சரணாலயங்களும்

(மும்பையில் தமிழ் நண்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டில் ராடையும் ரீலையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கடலில் ஒரு பகுதியை மீன்பிடிக்கக் கூடாது என்று மூடப் போகிறார்கள் என்றால் நம் ஆட்கள் உடனே கேட்பது இதுதான்: "என் கையில் ஒரு ராட், ஒரு தூண்டில் முள். டிராலர்காரன் டன் கணக்கில் அள்ளுகிறான். என்னை ஏன் தடுக்க வேண்டும்?"

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. டிரால் வலை கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும். குஞ்சு குளுவான், நண்டு, சிப்பி எதையும் விடாது. நம் முள்ளில் மாட்டுவது ஒரு நேரத்தில் ஒரு மீன். வேண்டாமென்றால் உயிரோடு திருப்பி விடலாம். அந்த வசதி வலைக்குக் கிடையாது.

மீதிப் பாதியைத்தான் நாம் பேசுவதில்லை. நாம் குறி வைப்பது எப்போதும் பெரிய மீன். இனப்பெருக்கத்துக்கு மிகவும் வேண்டியதும் அதே பெரிய மீன்தான். தவிர, ஒருவர் பிடிப்பது கொஞ்சம், எல்லோரும் பிடிப்பது கொஞ்சமில்லை. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் கவலைக்குரிய நிலையில் இருந்த மீன் இனங்களில், கரைக்கு வந்ததில் 23 சதவீதம் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் பிடித்தது. ஒரு ராட், ஒரு முள் சேர்ந்து சேர்ந்து வந்த கணக்கு அது.

கொடுவாயை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மராத்தியில் ஜிதாடா என்கிறார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் கனவு காண்பது இந்த மீனைத்தான். கொடுவா ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. ஏறக்குறைய 80 சென்டிமீட்டரைத் தாண்டும்போதுதான் பெண்ணாக மாறத் தொடங்கும். ஆக, ஒரு மீட்டர் கொடுவாயைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறோம் என்றால், அநேகமாக அது முட்டையிடும் தாய். 'சின்ன மீனை விடு, பெரிய மீனை எடு' என்று நல்ல மனதோடு வைத்திருக்கும் வழக்கம் இந்த மீனிடம் தலைகீழாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதற்காகவே இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறார்கள்: 58 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் விட வேண்டும், 120ஐத் தாண்டினாலும் விட வேண்டும். களவா மீன் இதற்கு நேர் எதிர். பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகு ஆணாக மாறும். ஒரே பாறையில் பெரிய களவாயாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டே இருந்தால் அங்கே ஆண் மீன் அற்றுப்போகும்.

மகாராஷ்டிரத்தில் 2023இல் 54 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்தார்கள். வெள்ளை வாவலுக்கு 135 மில்லிமீட்டர், பாம்பே டக் எனப்படும் பொம்பில் மீனுக்கு 180. நல்ல தொடக்கம். கொடுவா, களவா போன்றவற்றுக்கு மேல் எல்லையும் வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்தது மழைக்காலத் தடை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஊரில் நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 1981ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகுகளை மனதில் வைத்து எழுதியது. பாறையில் நின்று வீசுகிறவரைப் பற்றி அதில் பேச்சில்லை. அதனால் ஜூலையில் மலைத் தண்ணீர் கலக்கும் முகத்துவாரங்களில் நம் ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். கொடுவா முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்குவதும் அதே மழைக்காலத்தில்தான். படகுக்காரர்கள் அடுப்பெரிய வழியில்லாமல் இரண்டு மாதம் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாதம் பொழுதுபோக்குக்காரர் முகத்துவாரத்தை விட்டு விலகி நிற்பதுதான் முறை. சட்டம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

இனி சரணாலயங்கள். மகாராஷ்டிரத்தின் மால்வண் கடல் சரணாலயம் 1987இல் வந்தது. மொத்தம் 29 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுமேல். சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றிய மையப் பகுதி 3 சதுர கிலோமீட்டர் சொச்சம். வனவிலங்குச் சட்டம், கடல் பகுதியைச் சரணாலயமாக அறிவிக்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்க வேண்டும் என்று சொல்கிறது. பொழுதுபோக்குத் தூண்டிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் நமக்கு இரண்டு ஆபத்து. கூட்டம் போட்டால் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். தடை வந்தால் முதலில் வெளியேறுவதும் நாமாக இருப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிடித்து விட்டுவிடுகிறோமே என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது. வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிரினத்தைப் பிடிப்பதே வேட்டையில் அடங்கும். வேளா மீன், திமிங்கிலச் சுறா, பெரிய களவாயில் ராட்சத இனம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தவறி மாட்டினால் படகில் ஏற்றாதீர்கள், படம் எடுக்காதீர்கள். தண்ணீரிலேயே வைத்து, முள்ளுக்குப் பக்கத்தில் தூண்டில் நரம்பை வெட்டிவிடுங்கள்.

முழுத் தடை எங்கே தேவை என்று கேட்டால் நான் ஆங்கிரியா பாரைச் சொல்வேன். விஜயதுர்க்கிலிருந்து மேற்கே சுமார் 105 கிலோமீட்டரில், நீருக்கடியில் இருக்கும் பவளப் பார். அதன் மேல்முகமே 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்க வேண்டும் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. ஜிக் என்னும் கனமான உலோக இரையை ஆழத்தில் இறக்கிப் பிடிக்கிறவர்கள் இதை எதிர்க்கிறார்கள். "பிடித்து விட்டுவிடுவோம்" என்கிறார்கள். 20 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அங்கிருந்து களவாயை வேகமாக மேலே இழுத்தால் அதன் காற்றுப்பையில் உள்ள காற்று மூன்று மடங்காக விரியும். கண் பிதுங்கும், வாய் வழியாகப் பலூன் மாதிரி ஒன்று வெளியே தள்ளும். பலர் அதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறார்கள். அது மீனின் வயிறு. குத்தினால் மீன் கீழே போய்ச் சாகும், நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆழத்திலிருந்து வந்த மீனைத் திருப்பி அனுப்ப வழி உண்டு. பெரிய ஒற்றை முள்ளை எடுத்து, நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்குங்கள். நரம்பை முள்ளின் வளைவில் கட்டுங்கள், ஈயத்தை முள்ளின் காதில் கட்டுங்கள். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஈயம். கீழ்த்தாடைத் தோலில் மாட்டி, வந்த ஆழத்துக்கே இறக்கி, ஒரு வெட்டு வெட்டி, அதாவது நரம்பைச் சட்டென்று சுண்டி, இழுத்தால் முள் கழன்று மீன் போய்விடும். இதைப் படகில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? இறக்கும் வழியில் சுறா பிடுங்கினால் அதற்கும் பதில் இல்லை. ஆகவே ஆங்கிரியாவை முழுதாக மூடட்டும் என்கிறேன்.

மும்பைக் கரைக்கு அதே அளவுகோல் பொருந்தாது. இங்கே கரைப்பாறையில் ஒரு முள்ளோடு நிற்பவரும், இரவில் எல்.இ.டி. விளக்கு போட்டு மீனைக் கூட்டி அள்ளுகிறவரும் ஒன்றா? விளக்கு மீன்பிடிப்பு 2017லேயே தடை செய்யப்பட்டது. ஆனால் கடலில் ரோந்து இல்லாத இடத்தில் காகிதத் தடைக்கு என்ன மதிப்பு? பாறையில் நிற்கிறவரை விரட்டுவது சுலபம், அதனால் அவரையே விரட்டுவார்கள். இந்தக் கோபம் நியாயமானது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) 2004இல் வண்ணம் வண்ணமாக வரைபடம் போட்டார்கள். பச்சையில் யாரும் பிடிக்கக் கூடாது. அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. மஞ்சளில் ஆளுக்கு ஒரு நரம்பு, ஒரு முள். இப்படிக் கருவியைப் பார்த்துப் போடும் எல்லையைத்தான் நாமும் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன்னால் நம் தூண்டில் பெட்டியைச் சரிசெய்வோம். மூன்று நுனி முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போடுங்கள். உயிர் இரைக்கு வட்ட முள்: நுனி உள்பக்கம் திரும்பியிருப்பதால் தொண்டையில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். ஆனால் பழக்கதோஷத்தில் 'வெட்டு' கொடுத்தால் வெளியே உருவிக்கொண்டு வந்துவிடும். நிதானமாக ரீலைச் சுற்றினால் போதும். அலையைத் தடுக்கக் கரையில் போட்டிருக்கும் நாலுகால் கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவே வீசும்போது ஈயக்குண்டை மட்டும் மெல்லிய தங்கூஸ் நரம்பில் தனியாகக் கட்டுங்கள். சிக்கினால் குண்டு மட்டும் அறுந்து போகும், இருபது மீட்டர் நரம்பு கடலில் கிடக்காது.

கடைசியாக, ஒரு நோட்டு. அரசிடம் போய் நிற்கும்போது நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். தேதி, இடம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, எத்தனை மணி நேரம், எத்தனை ராட், மீனின் பெயர், நீளம், எடுத்தது எத்தனை, விட்டது எத்தனை. மூக்கிலிருந்து வால் விளிம்பின் நடு வரை ஒரே மாதிரி அளந்து எழுதுங்கள். ஒன்றுமே மாட்டாத நாளையும் தவறாமல் எழுதுங்கள். அந்த நாட்களை விட்டுவிட்டால், மணிக்கு எத்தனை மீன் என்ற கணக்கு எப்போதும் நன்றாகவே தெரியும். கடலில் மீன் குறைந்துகொண்டிருப்பது நோட்டில் தெரியாமலே போகும்.