கண்ணீர் ஒன்றுதான், கோபம் யார் மேல்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'திரைப்படம் காட்டும் சமூகப் பிரச்சினையை மாணவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது படமா, அவர்கள் வளர்ந்த பண்பாடா?' இதுதான் தலைப்பு. பண்பாடே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். "பசிக்கு ஏது பண்பாடு? திரையில் ஒரு குழந்தை பசித்து அழுதால் எந்த நாட்டு மாணவனும் கலங்குவான். எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கேமராவே சொல்லிவிடும்" என்றார். நானும் கைதட்டினேன். கலங்குவான், சரி. கலங்கிய பிறகு யார் மேல் கோபப்படுவான்? அதை அவர் சொல்லவே இல்லையே! சமூகப் பிரச்சினை என்ற பேச்சு அங்கேதானே தொடங்குகிறது?

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். வயதான தந்தையை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு மகன் திரும்புகிறான். பல நாட்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் தொண்டை அடைக்கிறது. அப்புறம் பேசவிட்டால் தெரியும் சேதி. 'பெற்றவரைக் கைவிட்ட பாவி' என்பாள் ஒருத்தி. 'தனியாளாக அவன் எவ்வளவுதான் தாங்குவான், அரசு என்ன செய்தது?' என்பான் இன்னொருவன். மூன்றாமவனுக்கு அங்கே பிரச்சினையே தெரியாது. 'நல்ல இடமாகப் பார்த்துத்தானே சேர்த்திருக்கிறான், இதற்கு எதற்கு இவ்வளவு சோக இசை?' என்பான்.

இது உன் கற்பனை என்று எதிரணி சொல்லலாம். சோதித்தே பார்த்திருக்கிறார்கள், ஐயா. தகாஹிகோ மசூதா, ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு. ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்கு மீன்கள் நீந்தும் சின்ன அனிமேஷன் காட்சிகளைக் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். முன்னால் நீந்தும் பெரிய மீனைப் பற்றி இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே பேசின. பின்னணியைப் பற்றி ஜப்பானிய மாணவர்கள் சுமார் 60 சதவீதம் கூடுதலாகப் பேசினார்கள். மீனுக்கே இந்தக் கதி! நாயகன் முன்னால் நின்று அழ, பின்னால் குடிசைகளும் மூடிய தொழிற்சாலையும் தெரிகிற படத்தில் என்ன ஆகும்? ஒருவன் அவனுடைய சோம்பலைப் பார்ப்பான், இன்னொருவன் அந்தப் பூட்டைப் பார்ப்பான்.

எனக்குப் பிடித்த சான்று வேறொன்று. சினிமா இல்லை, தொலைக்காட்சித் தொடர்; பார்த்தவர்களும் மாணவர்கள் இல்லை. அதை நானே ஒத்துக்கொள்கிறேன், நேரம் மிச்சம். 1980களில் தமார் லீப்ஸ், எலிஹு காட்ஸ் என்ற ஊடக ஆய்வாளர்கள் இருவரும் 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடரை வெவ்வேறு சமூகத்தவர் குழுவாக உட்கார்ந்து பார்க்கவைத்து, பேசியதைப் பதிவு செய்தார்கள். சோவியத் நாட்டிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறியவர்கள் கதையைத் தள்ளிவைத்துவிட்டு, எடுத்தவர்கள் நம் தலையில் என்ன கருத்தை ஏற்றப் பார்க்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார்கள். இஸ்ரேலிய அரபுக் குழு ஒன்று செய்ததுதான் வேடிக்கை. கதையில் ஒரு மனைவி குழந்தையோடு கணவனை விட்டுக் கிளம்புகிறாள். அவள் போனது பழைய காதலன் இருக்கும் வீட்டுக்கு. இவர்களோ ஒருவருக்கொருவர் ஆமாம் போட்டுக்கொண்டு, அவள் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று முடித்துவிட்டார்கள்! கேலிக்காகச் சொல்லவில்லை. பிடிக்காத இடத்தில் கதையைத் திருத்திக்கொள்ளாத பார்வையாளர் இந்த அவையில் யாராவது உண்டா, கை தூக்குங்கள் பார்ப்போம்.

"ஒரே நாட்டு மாணவர்கள்கூட ஒரே மாதிரி பார்ப்பதில்லையே" என்று எதிரணியில் கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் நான் கடவுச்சீட்டையா பண்பாடு என்றேன்? வீடு, வர்க்கம், மதம், ஆணை ஒரு விதமாகவும் பெண்ணை ஒரு விதமாகவும் வளர்த்த முறை எல்லாம் அதற்குள் அடக்கம். அவர்கள் கேட்ட கேள்வி எங்கள் பக்கம்தான் சாய்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: எல்லாம் கேமராவின் வேலை என்றால், அந்தப் பெண்ணை அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டது எந்தக் கேமரா?

நன்றி, வணக்கம்.