பாரடைம்: ஒரே சொல், 21 அர்த்தம்!

ஒருவர் ஒரு புத்தகம் எழுதுகிறார். அதன் மையச் சொல்லைக் குறைந்தது 21 அர்த்தங்களில் பயன்படுத்தியிருக்கிறார் என்று இன்னொருவர் எண்ணிக் காட்டுகிறார். எண்ணியவர் எதிரியல்ல, எழுதியவரை மதித்த தத்துவவாதி மார்கரெட் மாஸ்டர்மன்! எழுதியவர் அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன். சொல், பாரடைம்.

பின்னணியை வேகமாகக் கடந்துவிடுவோம். கிரேக்க வேர், 'மாதிரி' என்று பொருள். 1962-இல் அந்தப் புத்தகத்தில் கூன் அதற்குப் புது வேலை கொடுத்தார்: ஒரு துறையினர் எல்லோரும் கேள்வியே கேட்காமல் பகிர்ந்துகொள்ளும் பார்வை. எது நல்ல கேள்வி, எது ஏற்கத்தக்க விடை என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். கூன் தன் புத்தகத்தில் எடுத்துக்காட்டிய சோதனை இது.

(திரையில்: சிவப்பு ஸ்பேட் ஆறு)

1949-இல் உளவியலாளர்கள் ஜெரோம் புரூனரும் லியோ போஸ்ட்மனும் சீட்டுகளைக் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் காட்டி, "என்ன சீட்டு?" என்று கேட்டார்கள். நடுவே சில போலிகள்: சிவப்பு ஸ்பேட், கறுப்பு ஆர்ட்டின். (அசலில் ஸ்பேட் கறுப்பு, ஆர்ட்டின் சிவப்பு.) பலர் துளியும் தயங்காமல் கறுப்பு ஆர்ட்டினை ஸ்பேட் என்றார்கள். சிலர் சமரசத்துக்கே போய்விட்டார்கள். சிவப்பு ஸ்பேட் அவர்களுக்கு ஊதாவாகத் தெரிந்ததாம்! சாதாரணச் சீட்டை அடையாளம் காணச் சராசரியாக 28 மில்லி விநாடி போதும், போலிக்கு 114. நேரத்தைக் கூட்டக் கூட்டத் தெளியாமல் தவித்த ஒருவர், ஸ்பேட் எப்படி இருக்கும் என்பதே இப்போது நிச்சயமில்லை என்று புலம்பினார். பாவம், சீட்டாடத் தெரிந்ததுதான் அவர் செய்த குற்றம்.

எதிர்பார்ப்பதைத்தான் கண் பார்க்கிறது. வானத்திலும் இதே கதை. யுரேனஸைப் பலர் பலமுறை பார்த்து, நட்சத்திரம் என்று குறித்துவைத்துப் போனார்கள். 1781-இல் வானியலாளர் ஹெர்ஷல்கூட முதலில் வால்நட்சத்திரம் என்றுதான் நினைத்தார். புதிய கோள் ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை.

சரி, அந்த 21? கூன் குழப்பத்தை ஒப்புக்கொண்டார். புத்தகத்தின் 1970 பதிப்பின் பின்னுரையில் சொல்லை இரண்டாகப் பிரித்தார்: ஒன்று, துறையினரின் பொதுவான நம்பிக்கைகள், மதிப்பீடுகளின் தொகுப்பு. மற்றொன்று, மாணவர்கள் போட்டுப் பழகும் மாதிரிக் கணக்குகள். இரண்டாவதுதான் ஆழமானது என்பது என் கட்சி. விதியை மனப்பாடம் செய்வதால் யாரும் இயற்பியலாளர் ஆவதில்லை. சாய்தளக் கணக்கைப் போட்டுப்போட்டுத்தான் அந்தக் கண் வருகிறது.

'பாரடைம் ஷிஃப்ட்' என்றால் இப்படிப்பட்ட பார்வையே அடியோடு மாறுவது. ஆகவே, ஷாம்பு பாட்டிலின் மூடியை மாற்றிவிட்டுப் 'பாரடைம் ஷிஃப்ட்' என்று அறிவிப்பவர்களைக் கண்டால் தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் கேட்ட மிக அபத்தமான 'பாரடைம் ஷிஃப்ட்' எது? கமெண்ட்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.