கெஃபிரில் எவ்வளவு புரதம்?

நேயர்களுக்கு வணக்கம். தயிரைவிடக் கெஃபிரில் புரதம் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. காக்கேசிய மலைப்பகுதியிலிருந்து வந்த இந்தப் புளித்த பாலில் உள்ள புரதம், நாம் ஊற்றுகிற பாலின் புரதம்தான். 100 மில்லி பசும்பாலில் சுமார் 3.3 கிராம், 250 மில்லி குவளையில் 8 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 0.8 கிராம் வீதம், நாளுக்கு 48 கிராம் வேண்டும். ஒரு குவளை அதில் ஆறில் ஒரு பங்கைத் தரும். கால்சியமும் பி12 வைட்டமினும் கூடவே கிடைக்கும்.

புளிக்கும்போது லாக்டோஸ் ஓரளவு குறைகிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிற பலருக்கு இது ஒத்துக்கொள்வது அதனால்தான். ஆனால் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. ஈஸ்ட் இருப்பதால் மிகச் சிறிதளவு ஆல்கஹாலும் உண்டாகும். அதை விலக்குவோர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்து, காலிஃபிளவர் பூத்துண்டு போலிருக்கும் கெஃபிர் மணிகளில் ஒரு மேசைக்கரண்டிக்கு அரை லிட்டர் பால் போதும். வாயு வெளியேற, மூடியை இறுக்காதீர்கள். குளிர்நாட்டுக் குறிப்புகள் 24 மணி நேரம் என்று சொல்லும். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையின் 30 டிகிரிச் சூட்டில் 12 மணி நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். போத்தலைச் சாய்த்தால் பால் கெட்டியாக வழுக்கி நகர வேண்டும். மணிகளைச் சுற்றி ஓரிரு இடத்தில் தெளிந்த நீர் தெரிந்தால் உடனே வடிகட்டலாம். இன்னும் விட்டால் கட்டி மேலே, மஞ்சள் நீர் கீழே என்று பிரிந்து கடுமையாகப் புளிக்கும்.

அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பால்புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கான மோர்ப்புரதம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. குலுக்கிக் கலந்துவிடுங்கள், அல்லது சப்பாத்தி மாவு பிசையுங்கள். புரதம் கூடுதலாக வேண்டுமென்றால், வடிகட்டிய கெஃபிரில் 15 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கலக்கலாம். சுமார் 5 கிராம் சேரும். இளஞ்சிவப்பு நிறமோ பூஞ்சையோ தெரிந்தால் மணிகளோடு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள்.

சர்க்கரைத் தண்ணீரில் செய்யும் கெஃபிரில் புரதம் அநேகமாக இல்லை. தேங்காய்ப்பாலிலும் குறைவுதான். சோயாப்பால் பரவாயில்லை.

கடையில் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். போத்தலில் உள்ள 'ஏ' முதல் 'டி' வரையிலான நியூட்ரி-கிரேட் என்ற சிங்கப்பூர் பானத் தரக்குறியீடு, சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரப்படுவது. புரதத்துக்குப் பின்பக்கத்தைத் திருப்பி, 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள்.