பீரங்கிக் காலத்துச் செங்கல் கோட்டை

அனைவருக்கும் வணக்கம். பிரான்ஸ் நாட்டுக் கோட்டை என்றதும் லுவார் நதிக்கரையில் வெள்ளைக் கல்லில் எழும்பி நிற்கும் மாளிகைகள்தான் நமக்கு நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது செங்கல்லால் கட்டிய ஒரு கோட்டையைப் பற்றி. பெயர் ராம்பூர். உத்தரப் பிரதேசத்து ராம்பூரைத் தேடிப் போய்விடாதீர்கள். இது வடக்கு பிரான்சில், பிக்கார்டிப் பகுதியில், சோம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் ஒரு சிற்றூர்.

செங்கல் கோட்டை என்றால், கருங்கல்லுக்கு வசதி இல்லாதவர் கட்டியது என்று நினைக்கத் தோன்றும். ராம்பூர் விஷயத்தில் அது சரியில்லை என்பதுதான் என் கட்சி. அந்த மண்ணில் களிமண் தாராளம், உண்மைதான். ஆனால் கட்டியவர் சாதாரண ஆள் இல்லை. தாவித் தெ ராம்பூர், பிரான்ஸ் மன்னரின் குறுக்குவில் (விசையை இழுத்து அம்பு எய்யும் வில்) படைக்குத் தலைமைத் தளபதி. முற்றுகைப் போர் எப்படி நடக்கும், பீரங்கி என்ன செய்யும் என்பதெல்லாம் அவருக்குத் தொழில். அவர் 1412-இல் வேலையைத் தொடங்கினார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நூறாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நார்மண்டியின் எல்லை பக்கத்திலேயே இருந்தது. ஆங்கிலேயர் கடல் தாண்டி வந்தால் போகும் வழியில் இருக்கிற ஊர்.

சரி, பீரங்கிக்கு எதிரே செங்கல் எப்படி நிற்கும்? அன்றைய பீரங்கிகள் பெரும்பாலும் கல் குண்டுகளைத்தான் வீசின. கெட்டியான கல் சுவரில் குண்டு மோதினால் கல் விரிசல் விடும், சில்லுகள் தெறிக்கும், ஒரு பெரிய கல் பெயர்ந்தால் அக்கம்பக்கத்துக் கற்களும் ஆட்டம் கண்டுவிடும். செங்கல் மிருதுவானது. மோதிய இடத்தில் நொறுங்கும், அதோடு வேகமும் அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கற்களும் அவற்றுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்தும் அதிர்ச்சியைப் பங்கு போட்டுக்கொள்ளும். பழுது பார்ப்பதும் சுலபம்: சூளை பக்கத்திலேயே இருக்கிறது, குழியை அடைத்துவிடலாம்.

செங்கல் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் கோட்டையின் வெளிப்பக்கத்தில் நேர்ச்சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் நான்கு பருத்த வட்டக் கோபுரங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் அரைவட்டக் கோபுரம். மொத்தக் கட்டடமும் வளைவுகளாகவே போகும். குண்டு நேராக அறைந்தால்தான் முழு பலத்தோடு அறையும். வளைவில் பட்டால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். சுவரின் பருமன் 3 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை. ஏழு மீட்டர் என்றால் நம் வீட்டுக் கூடத்தைவிட அகலம்! சுற்றிலும் ஆழமான அகழி. அதனுள் அடித்தளம் இறங்கியிருப்பதால், தூரத்திலிருந்து சுடுகிறவனுக்குக் கோட்டையின் கீழ்ப்பாதி அகப்படாது.

மேலே பார்த்தால் பழைய காலம் தெரியும். கோபுர உச்சியில் வெளியே நீண்டிருக்கும் நடைபாதை, கல் தாங்கிகளின் மேல் அமர்ந்தது. அதன் தரையில் இடைவெளிகள் உண்டு. கீழே வந்து ஒட்டிக்கொண்ட எதிரிமேல் கல்லைப் போடுவதற்கு. அதற்கும் மேலே கூம்புக் கூரைகள். அடி பீரங்கிக் காலம், தலை வில் காலம். இரண்டு யுகங்கள் ஒரே கட்டடத்தில். இந்தக் கோட்டையை எனக்குப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் தாவித் அதை முடித்துப் பார்க்கவில்லை. 1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட் போர். ராம்பூரிலிருந்து அதிக தூரம் இல்லை. சேறும் சகதியுமான வயலில் ஆங்கிலேயரின் நெடுவில் அம்புகள் பிரெஞ்சு வீரர்களை வீழ்த்தின. அன்று பிரெஞ்சுக் குறுக்குவில் வீரர்களைப் பின்வரிசைக்குத் தள்ளியிருந்தார்கள். அவர்களுக்குப் பெரிதாக வேலையே வரவில்லை. அந்தப் படையின் தலைவர், மூன்று மகன்களோடு அங்கேயே மாண்டார். அப்புறம் ஆங்கிலேய ஆதிக்கம், வேலை நின்றது. அடுத்த தலைமுறைகள் வந்துதான் 1470 வாக்கில் முடித்தார்கள்.

கோட்டை முடிந்த கொஞ்ச காலத்திலேயே பீரங்கி இன்னொரு படி தாண்டிவிட்டது. 1494-இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் இரும்புக் குண்டு வீசும் வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கியதும், உயரமான கோபுரம் என்ற எண்ணமே காலாவதியாகத் தொடங்கியது. அதன்பின் தாழ்ந்து, கோணங்களாக முன்னே நீண்ட கொத்தளங்கள்தான். ராம்பூர் பாணி பரவாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். தப்பான வடிவம் இல்லை, சற்றுத் தாமதமான வடிவம்.

18-ஆம் நூற்றாண்டில் அதை வசிக்கும் மாளிகையாக மாற்றினார்கள். சின்னத் துளைகள் இருந்த இடங்களில் பெரிய சன்னல்களைத் திறந்தார்கள். கட்டடக்கலை ஆட்கள் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கில்லை. வெளியே நின்று எத்தனை நேரம் பார்த்தாலும் அந்தச் சுவரின் பருமன் புரியாது. போகிறவர்கள் உள்ளே போய், ஏதாவது ஒரு சன்னலின் ஓரத்தைப் பாருங்கள். செங்கல்லை நம்பி தாவித் எவ்வளவு அடுக்கினார் என்பது அங்கேதான் வெட்டுமுகமாகத் தெரியும்.