நாளைக்கும் கால் வேணும்: பாரம் ஏத்தின சைக்கிள்ல ஒரு செங்குத்து ஏத்தம்

வணக்கம் மக்களே. மைக்ல காத்து இரைச்சல் வந்தா பொறுத்துக்கோங்க. பாறை மறைவாப் பார்த்துத்தான் நிக்கிறேன், அப்பவும் விட மாட்டேங்குது.

இந்த போர்டைப் பாருங்க. அடுத்த 7 கிலோமீட்டருக்கு 10 சதவீதம் ஏத்தம். கீழேருந்து இது வரைக்கும் 6 கிலோமீட்டர் வந்தாச்சு, ஆனா அதெல்லாம் 5, 6 சதவீதம்தான். பாட்டைக் கேட்டுக்கிட்டு ஏறுற ரகம். மொத்தமாப் பார்த்தா 13 கிலோமீட்டர், உயரம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர். மேப்புல சராசரி 8 சதவீதம்னு காட்டும். அந்தச் சராசரியை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பிடாதீங்க. எட்டு எங்கேயுமே கிடையாது இங்க. முதல் பாதி அஞ்சு, அடுத்த பாதி பத்து. ஏத்தத்தோட வரைபடத்தை ஒவ்வொரு கிலோமீட்டராப் பிரிச்சுப் பாருங்க. ஃப்ரான்ஸ்ல ஆல்ப் டூயெஸ்னு பேர்போன ஏத்தம் ஒண்ணு இருக்கு, 21 கொண்டை ஊசி வளைவு, சராசரி 8 சதவீதம்தான். ஆனா அடிவாரத்துலயே முதல் ரெண்டு கிலோமீட்டர் 10 சதவீதத்துக்குப் பக்கத்துல இருக்கும். எட்டுதானேன்னு வேகமா உள்ள போறவங்க கதை அங்கேயே முடிஞ்சிடும்.

சதவீதம்னா என்னன்னு சிலர் கேக்குறீங்க. கிடையா 100 மீட்டர் போனா 10 மீட்டர் மேல ஏறுது, அதான் 10 சதவீதம். கோணத்துல சொன்னா 6 டிகிரி கூட இல்ல. கேட்டா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்குல்ல? கேமராவுலயும் ஒண்ணுமில்லாத மாதிரிதான் தெரியும், ரோடு சமதளமா இருக்கேன்னு நினைப்பீங்க. என் மூச்சைக் கேளுங்க, அது பொய் சொல்லாது.

சரி, இங்கேருந்து கிளம்பணும். செங்குத்தான இடத்துல நின்னுட்டா திரும்பக் கிளம்புறதே ஒரு வித்தை. நேரா மேல பார்த்து மிதிச்சா முதல் மிதியிலயே சைக்கிள் நின்னுடும், மறு காலை பெடல்ல வைக்கறதுக்குள்ள சாய்ஞ்சிடுவீங்க. அதனால முன்னயும் பின்னயும் வண்டி வரலன்னு பார்த்துட்டு, ரோட்டுக்குக் குறுக்கா சைக்கிளைத் திருப்பிக்கறேன். ரெண்டு பிரேக்கும் பிடிச்சிருக்கு. வலது பெடலை மணி ரெண்டு காட்டுற இடத்துக்குக் கொண்டு வந்தாச்சு. இப்ப பிரேக்கை விட்டுக்கிட்டே ஒரு அழுத்து... குறுக்கா போகும்போது ஏத்தம் குறைவு, ரெண்டு மிதி கிடைச்சிடும். அப்புறம் மெதுவா மேல்பக்கம் திருப்பிக்கலாம். ஆச்சு.

[மிதித்துக்கொண்டே பேசுகிறார்]

இப்ப கொஞ்சம் கணக்கு பேசுவோம், ஏன்னா இந்த ஏத்தத்துல மனவலிமை அது இதுன்னு பேசுறதை விட கணக்குதான் உதவும்னு நான் நினைக்கறேன். நான், சைக்கிள், பை, தண்ணி எல்லாம் சேர்த்து 90 கிலோ. 10 சதவீதத்துல மணிக்கு 5.5 கிலோமீட்டர் வேகத்துல ஏற சுமார் 145 வாட் வேணும். அதையே 9 கிலோமீட்டர் வேகத்துல ஏறணும்னா 235 வாட். காத்தோட தடை இந்த வேகத்துல கணக்குலயே வராது, எல்லாம் புவியீர்ப்பு வாங்குற வரிதான். 145 வாட்டை சுமாராப் பயிற்சி இருக்கற பல பேர் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் தாக்குப் பிடிப்பாங்க. 235ன்னா நிறைய பேருக்குக் கண்ணைக் கட்டும்.

அப்ப மெதுவாப் போக வேண்டியதுதானேன்னு தோணும். அங்கதான் கியர் வருது. மெதுவாப் போறதுக்கும் கியர் வேணும் மக்களே. என்னோடது முன்னாடி சின்னப் பல்சக்கரம் 26 பல்லு, பின்னாடி பெருசு 36 பல்லு. ஒரு முழு மிதிக்கு ஒன்றரை மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா அந்த 5.5 கிலோமீட்டர். இதே சாதாரண ரேஸ் சைக்கிள்ல முன்னாடி 34, பின்னாடி 28ன்னு வச்சுக்கோங்க. ஒரு மிதிக்கு ரெண்டரை மீட்டர். அதே 60 சுத்துல 9 கிலோமீட்டர் போயிடுவீங்க, அதாவது அந்த 235 வாட். அதைக் குறைக்கணும்னா 40 சுத்துக்கு இறங்கணும். வேகம் 6 ஆகும், வாட் குறையும், சரிதான். ஆனா ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மேல விழற பலம், என் கியரோட ஒப்பிட்டா ஒன்றரை மடங்குக்கும் மேல. ஒரு நாள்னா முட்டி பொறுத்துக்கும். நாளைக்கும் மறுநாளும் ஏறணுமே?

பல நாள் பயணத்துக்கும் ஒரு நாள் சவாரிக்கும் இதுதான் வித்தியாசம். ஒரு நாள் சவாரின்னா உச்சியில இருக்கறதையெல்லாம் கொட்டிட்டு வீட்டுக்குப் போய் படுத்துக்கலாம். இங்க உச்சி தாண்டி இறங்கி, கூடாரம் அடிச்சு, காலையில எழுந்து திரும்பவும் இதே காலோட உட்காரணும்.

சின்னக் கியர் போட்டா கௌரவக் குறைச்சல்னு நினைக்கிற கூட்டம் ஒண்ணு எப்பவும் உண்டு. இது இன்னைக்கு நேத்து வந்த வியாதி இல்ல. டூர் தெ ஃப்ரான்ஸ் சைக்கிள் போட்டியை ஆரம்பிச்சு வச்ச ஆன்ரி தெக்ரான்ஜ், டீரெய்லரை, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்துலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தற கருவியை, போட்டியில சேர்க்கவே விடல. அவர் பொறுப்புலேருந்து விலகின பிறகு, 1937லதான் அனுமதி வந்துச்சு. அது வரைக்கும் என்ன பண்ணினாங்க தெரியுமா? பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும், ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டிட்டு ஏறுவாங்க. உச்சியில திரும்பவும் கழட்டி மாட்டணும். குளிர்ல விரல் விறைச்சுப் போய் அந்த நட்டைத் திருகறதை நினைச்சுப் பாருங்க. அவ்வளவு பாடுபட்டாவது சின்னக் கியர் வேணும்னுதானே செஞ்சாங்க?

ஒரு நிமிஷம், வளைவு வருது.

வளைவுல எப்பவும் உள்பக்கம்தான் செங்குத்து. அதே உயரத்தைக் குறைஞ்ச தூரத்துல ஏறுது, அதனால உள்ஓரத்துல 15, 18 சதவீதம் கூட இருக்கும். வெளிப்பக்கமாப் போனா கொஞ்சம் தூரம் கூடும், ஏத்தம் தணியும். மேலேருந்தும் பின்னாடியும் வண்டி வரலன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் அகலமா எடுங்க. சத்தம் கேட்டா உங்க பக்கத்தை விட்டு நகராதீங்க, உள்ஓரமா இருந்தாலும் பல்லைக் கடிச்சு ஏறிடுங்க. இன்னொண்ணு, கியரை வளைவுக்கு முன்னாடியே மாத்திடணும். வளைவு உள்ள போய், முழு பாரத்துல அழுத்திக்கிட்டே மாத்துனா செயின் 'கடக் கடக்'னு அலறும், பல்லு தேயும், சில சமயம் செயினே அறும். அரை சுத்து காலைத் தளர்த்தி, மாத்தி, பிறகு அழுத்துங்க... இப்படி. கேட்டுச்சா? சின்னதா ஒரு 'டிக்', அவ்வளவுதான்.

முன் சக்கரத்தைப் பாருங்க, லேசா ஆடுது. பாரம் எல்லாம் பின்னாடி இருந்தா இந்த மாதிரி செங்குத்துல முன்பக்கம் இலேசாகி ஹேண்டில் சொன்ன பேச்சு கேக்காது. அதனால கனமான பொருளுங்களை, கருவிப் பை, சமையல் சாமான் இதையெல்லாம் முன் பையில போட்டிருக்கேன். சீட்டோட நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைக் கொஞ்சம் தாழ்த்தினா சக்கரம் தரையில ஒட்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீங்க. தோள்ல ஏறுற இறுக்கம் எல்லாம் வீண் செலவு.

பாரம்னதும் ஞாபகம் வருது. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோவைத் தூக்க 9.8 கிலோஜூல் ஆகும். 145, 150 வாட்ல மிதிக்கற ஆளுக்கு அது ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு கிலோவுக்கு ஒரு நிமிஷம். இதைத் தெரிஞ்ச பிறகு எனக்குப் பெரிய நிம்மதி. டூத் பிரஷ்ஷைப் பாதியா வெட்டுறவங்களைப் பார்த்தா சிரிப்புதான் வருது. நல்ல தூக்கம் தர்ற ஒரு கிலோ படுக்கையை ஏன் விடணும், ஒரு நிமிஷம் தாமதமாப் போறேன். ஆனா தண்ணியை மட்டும் யோசிச்சு எடுங்க. மேல ஊத்து, குழாய் ஏதாவது இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, மூணு லிட்டரை அடிவாரத்துலேருந்து சுமக்க வேண்டியதில்ல. தெரியலன்னா சுமந்துதான் ஆகணும்.

[வெட்டு; சைக்கிள் மைல்கல்லில் சாய்ந்திருக்கிறது]

நிறுத்திட்டேன். களைச்சுப் போய் இல்ல, சாப்பிடறதுக்கு. பசிச்ச பிறகு சாப்பிட்டா நேரம் கடந்துடும். உடம்புல கிளைக்கோஜனா சேர்த்து வச்சிருக்கற மாவுச்சத்து மொத்தமே 400, 500 கிராம்தான். மணிக்கு 60 கிராமாவது உள்ள போயிக்கிட்டே இருக்கணும். ஒரு நடுத்தர வாழைப்பழத்துல 25 கிராம் இருக்கும், கணக்குப் போட்டுக்கோங்க. இன்னைக்குக் காலியானதை ராத்திரி ஒரே சாப்பாட்டுல நிரப்பிட முடியாது, முழுசா நிரம்ப ஒரு நாள் பக்கம் ஆகும். அதனால ஏறும்போது சாப்பிடறது இன்னைக்குக்காக மட்டும்னு நினைக்காதீங்க.

வேகத்தை எப்படி வச்சுக்கறதுன்னா, நான் உங்களோட பேசிக்கிட்டே வர்றேன்ல, அதான் என் மீட்டர். முழு வாக்கியம் பேச முடியுதா, சரி. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குதா, ரொம்ப அழுத்துறேன். ஆளில்லாட்டி தனியாப் பேசுங்க, மலையில யார் கேக்கப் போறாங்க. மெதுவாப் போறதுல ஒரே ஒரு தொல்லை உண்டு, ஈ. இந்த வேகத்துல ஈ நம்மளை விடச் சுலபமாப் பறக்குது. மூக்கைச் சுத்தி ஒண்ணு கூடவே வருது பாருங்க, பார்த்தீங்களா.

அப்புறம், தள்ளிக்கிட்டு நடக்கறது. இறங்கித் தள்ளுனா தோத்துட்டோம்னு ஒரு எண்ணம். பாரத்தோட தள்ளினாலும் மணிக்கு 3 கிலோமீட்டராவது போகலாம். 15 சதவீதத்துல மிதிச்சாலே 4, 5தான். மணிக்கு நாலுக்குக் கீழ போனா நேரா நிமிர்ந்து ஓட்டறதே சிரமம், ரோடு பூரா அலைவோம், பின்னாடி லாரி வந்தா ஆபத்து. அந்தக் கட்டத்துல இறங்கிடறது புத்தி. தள்ளும்போது வேற தசை வேலை செய்யுது, முட்டிக்கும் இடுப்புக்கும் ஓய்வு. டூர் தெ ஃப்ரான்ஸ் முதன்முதலா தூர்மலே கணவாயை ஏறினது 1910ல. முதல்ல மேல வந்த ஒக்தாவ் லாபீஸ் வழியில பல இடத்துல இறங்கி நடந்துதான் வந்தார். அந்த வருஷம் டூரை ஜெயிச்சதும் அவர்தான், உச்சியில அவருக்குச் சிலையே வச்சிருக்காங்க. அவரே நடந்திருக்கார், நமக்கென்ன?

கிளம்புறேன். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்.

[வெட்டு, காற்று இரைச்சல்]

வந்தாச்சு! அந்தப் பக்கப் பள்ளத்தாக்கு தெரியுதா? மேகம் மூடிக்கிச்சு, ஒண்ணும் தெரியாது, விடுங்க. போர்டுலேருந்து இங்க வர, நிறுத்தினதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி முதல் வேலை, இந்த ஈர பனியனைக் கழட்டிட்டுக் காய்ஞ்சதைப் போடறது. 1,000 மீட்டர் ஏறினா வெப்பம் சுமாரா 6 டிகிரி குறையும். ஏறும்போது உடம்பே அடுப்பா இருந்துச்சு, தெரியல. இறக்கத்துல மிதிக்கற வேலை இல்ல, வியர்வை ஈரம், எதிர்காத்து, மூணும் சேர்ந்தா பத்து நிமிஷத்துல பல்லு டைப்படிக்கும். விரல் விறைச்சா பிரேக்கும் பிடிக்க வராது. கையுறை, ஜாக்கெட், ரெண்டும் இங்கேயே, இப்பவே.

பிரேக் விஷயம் ஒண்ணு சொல்லிட்டுக் கிளம்புறேன். பாரத்தோட இறங்கும்போது பிரேக்கைத் தொட்ட மாதிரியே பிடிச்சுக்கிட்டு வராதீங்க. ஏறின 90 கிலோவோட சக்தி அத்தனையும் சூடா வெளிய போகணும். ரிம் பிரேக்னா ரிம் கொதிச்சு ட்யூப் வெடிச்சிருக்கு, டிஸ்க்னா பிடிமானம் மங்கும். நேர்ப் பாதையில கொஞ்சம் ஓட விட்டு, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கும் சேர்த்து நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு, உடனே விட்டுடுங்க. விடற நேரத்துல காத்து ஆத்திடும். நடுவுல ஒரு தடவை நிறுத்தி, ரிம் பக்கத்துல கையைக் காட்டிப் பாருங்க, அனல் தெரியும். தொட்டுடாதீங்க.

கேமராவை அணைக்கறேன், இறக்கத்துல ரெண்டு கையும் வேணும். நாளைக்கு இதை விடச் சின்னதா ஒரு ஏத்தம் இருக்கு, ஆனா ரோடு பூரா ஜல்லியாம். அங்க பார்ப்போம், பை.