ஒரே ஒரு முட்டை போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

சினைப்பையில் பல நீர்க்கட்டிகள் (பிசிஓடி) என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருந்தால் போதும், இனிக் குழந்தைப்பேறே இல்லை என்று முடிவு கட்டிவிடும் குடும்பங்களைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறையப் பார்க்கிறேன். அந்த முடிவு தவறானது. சிகிச்சைக்கு நன்றாக இசைந்து கொடுக்கும் குறை இது.

ஸ்கேன் படத்தில் கறுப்புக் கறுப்பாகத் தெரிபவை அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. ஒவ்வொன்றும் உள்ளே ஒரு கருமுட்டையை வைத்திருக்கும் சின்னஞ்சிறு நீர்ப்பை. மாதந்தோறும் இவற்றுள் ஒன்று 18, 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விட வேண்டும். இந்தப் பெண்களுக்கோ நாற்றங்காலில் நெருக்கி நிற்கும் நாற்றுகள் போல எல்லாம் ஒரே அளவில் நின்றுவிடுகின்றன. முட்டைக்குப் பஞ்சமில்லை, வளர்ச்சிதான் இல்லை. அவற்றுள் ஒன்றை மட்டும் முழுதாக வளர வைப்பதே மருத்துவத்தின் வேலை. "எத்தனை முட்டை வந்திருக்கிறது டாக்டர்?" என்று ஆவலோடு கேட்பவர்களிடம் "ஒன்று" என்றால் முகம் வாடிவிடுகிறது. எனக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை.

மருந்துக்கு முன்பு ஒன்று. கணவரின் விந்துப் பரிசோதனையைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதை நான் ஏற்பதில்லை. தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம். எடை கூடுதலாக உள்ளவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே சிலருக்கு மாதவிடாய் சீராகிவிடுகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் குறை வருவதுண்டு. அவர்களைப் பட்டினி கிடக்கச் சொல்லாதீர்கள்.

இன்று உலக அளவில் முதல் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவது லெட்ரோசோல் என்ற மாத்திரை. மாதவிடாயின் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் தொடங்கி ஐந்து நாள், தினமும் 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து, பலன் இல்லையென்றால் அடுத்தடுத்த மாதங்களில் 7.5 வரை கூட்டலாம். உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதை இது சில நாள்களுக்குக் குறைக்கிறது. குறைவதை உணர்ந்த மூளை, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. ஒரு நீர்ப்பை வளரத் தொடங்கியதும் அதுவே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. மூளையும் கையை இழுத்துக்கொள்கிறது. மற்றவை சுருங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஒன்றே முதிர்வதற்கு இதுதான் காரணம்.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே மடித்திருந்த தாளில் மார்பகப் புற்றுநோய் என்று இருந்ததைத் தம்பி படித்துக் காட்டியிருக்கிறான். "எனக்குப் புற்றுநோயா டாக்டரம்மா? ஏன் என்னிடம் மறைக்கிறீர்கள்?" என்று அழுதார். அந்த நோய்க்கு வந்த மருந்துதான் இது. அங்கே தினமும், ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இங்கே மாதத்துக்கு ஐந்தே நாள். கரு உருவாகும் நேரத்துக்குள் பெரும்பகுதி உடலை விட்டுப் போய்விடுகிறது. இதை மருந்துச்சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 2011-ல் குழந்தையின்மைக்கு இதைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டு, 2017-ல் நீக்கப்பட்டது. பழைய தடையை மட்டும் கேள்விப்பட்டவர்கள் இன்னும் பயமுறுத்துகிறார்கள்.

லெட்ரோசோலுக்கு முன்பு பல பத்தாண்டுகள் கோலோச்சியது குளோமிஃபீன் மாத்திரை. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 750 பெண்களுக்கு ஐந்து மாதச் சுழற்சி வரை இவ்விரண்டில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும், குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. சிலருக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சர்க்கரைக்கும், இன்சுலினுக்கு உடல் சரியாக இசையாத நிலைக்கும் நல்லது. கருத்தரிக்க அதை மட்டும் நம்பியிருப்பது காலவிரயம்.

மாத்திரைக்கு இசையாதவர்களுக்கே, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் ஊசி. "செலவானாலும் பரவாயில்லை, நேராக ஊசியே போட்டுவிடுங்கள்" என்று மாமியார்கள் கேட்கிறார்கள். இந்தச் சினைப்பையின் குணம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கொஞ்சம் குறைந்தால் ஒன்றுமே வளராது. கொஞ்சம் கூடினால் பத்தும் ஒன்றாகக் கிளம்பிவிடும். அதனால்தான் 37.5 அல்லது 50 யூனிட்டில் தொடங்கி, ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் காத்திருந்து, சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். மூன்று நீர்ப்பைகள் பெரிதாகிவிட்டால், முட்டையை வெளியேற்றும் ஊசியைப் போடாமல் அந்த மாதத்தைக் கைவிடுகிறோம். பண்ருட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து ஸ்கேனுக்கு வந்தவரிடம் இதைச் சொல்வது கொடுமை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவிக்கும் மூன்று குழந்தைகளை அந்தத் தாய் பார்க்கக் கூடாது.

வயிற்றில் சிறு துளை வழியே செலுத்தும் லேப்ராஸ்கோப் கருவியால் சினைப்பையில் சிறு துளைகள் இடும் முறையும் உண்டு; தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். இவையெல்லாம் பலிக்காதபோதுதான் சோதனைக்குழாய் முறை. அங்கே பல முட்டைகள் தேவைப்படுவதால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். கருவை உடனே வைக்காமல் உறைய வைத்து, உடல் தணிந்த பிறகு வைப்பது பாதுகாப்பான வழி. சீனாவில் 1508 பெண்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், உடனே வைத்தவர்களில் 7.1 சதவீதத்தினருக்கு வந்த அந்தச் சிக்கல், உறைய வைத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கே வந்தது. குழந்தை பிறந்ததும் உறைய வைத்தவர்களுக்கே அதிகம். ஆகவே மருத்துவர் ஓரிரு மாதம் பொறுக்கச் சொன்னால் சண்டை போடாதீர்கள்.

ஊசி போட்ட பிறகு வயிறு திடீரென்று உப்பினாலோ, எடை மளமளவென்று ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றிரவே ஜிப்மருக்கோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, பக்கத்திலிருக்கும் வேறு பெரிய மருத்துவமனைக்கோ போங்கள். என்ன ஊசி, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று எழுதிய சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். வணக்கம்.