முள் நிற்கும் இடம்

வணக்கம். வானொலியில் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முள்ளைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிடம் காணாது, பார்க்கலாம்.

சின்ன வயதில் பென்னாகரம் பக்கம் மேட்டுக்காட்டில் ஆடு மேய்த்தவன் நான். எலந்தைப் பழக் காலத்தில் ஆடு ஒரு பக்கம் போகும், நாங்கள் ஒரு பக்கம் போவோம். ஒருநாள் புதருக்குள் தலையை விட்டுப் பழம் பறித்தேன். திரும்ப வெளியே வர முடியவில்லை, தோள்பட்டையில் சட்டை மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஆயா வந்து பார்த்தாள். "இழுக்காதடா, உள்ள போ" என்றாள். உள்ளேயா? ஆமாம், புதரை நோக்கி ஓரடி வைத்ததும் சட்டை தானாகக் கழன்றது. சரி, அதோடு விட்டேனா? அந்தக் கிளையை வளைத்துப் பார்த்தேன். இலைக் காம்பு தொடங்கும் இடத்தில் இரண்டு முள். ஒன்று ஊசிபோல நேராக, இன்னொன்று பூனை நகம்போல வளைந்து. நேர்முள் குத்தும், கொக்கிமுள் பிடித்துவைக்கும். என் சட்டையைப் பிடித்தது அந்தக் கொக்கி.

ஆடு மட்டும் இதற்கெல்லாம் அசராது. ஒடுங்கிய வாய், நெளியும் உதடு. முள்ளுக்கு நடுவே இலையை ஒவ்வொன்றாக உருவிவிடும். நாக்கைச் சுழற்றிக் கொத்தாகப் பறிக்கும் மாட்டுக்கு அது வராது.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எலந்தையில் இலைக் காம்பின் இருபுறமும் நிற்கிறது, ஏனென்றால் அது இலையடிச் செதில், அதாவது காம்பின் அடியில் ஜோடியாக வரும் சின்னச் செதில், மாறி வந்த முள். கருவேலத்தின் வெள்ளை முள் ஜோடியும் அப்படித்தான். எலுமிச்சையில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே, கிளை வரவேண்டிய இடத்தில் நிற்கும். கிளைதான் முள்ளாகிவிட்டது. வாசலில் காகிதப்பூ இருந்தால் அதிலும் பாருங்கள். சப்பாத்திக்கள்ளியில் முள்தான் இலை. நாம் இலை என்று நினைக்கும் பச்சைத் தட்டு தண்டு.

ஓசூர் ரோஜாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, தண்டில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள், பட்டென்று பெயர்ந்து வந்துவிடும். அது வெறும் தோல் புடைப்பு. எலுமிச்சை முள்ளிடம் அந்த வேலை நடக்காது, உள்ளே கட்டை ஓடுகிறது. விரல்தான் போகும்.

முள்ளம்பன்றிக்கு உள்ளது தடித்த மயிர். அது முள்ளை எய்யும் என்பது கதை. முதுகை முன்னால் காட்டி மோதும், அவ்வளவுதான்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். கத்தரிக்காய்க்குத்தான் நிறைய நேரம் வைத்திருந்தேன்! சுருக்கமாக: 2024இல் ஓர் ஆய்வு வந்தது. கத்தரியிலும் ரோஜாவிலும் தோல்முள், அதாவது தோல் புடைத்து வரும் முள், வரக் காரணம் ஒரே குடும்பத்து மரபணு. அது பழுதான கத்தரிச் செடியில் முள் இல்லை. நாளைக்குச் சந்தையில் கத்தரிக்காயின் காம்புத் தொப்பியைத் தடவிப் பாருங்கள், குத்துகிறதா இல்லையா என்று. வணக்கம்.